ரிங் ரோட்டில் பறந்தால் ஜெயில்! தீவுத்திடலில் பறந்தால் கோப்பை!!

பார்முலா-4 கார் பந்தயம்: குன்றத்துப் பையன்களுக்கு வழி உண்டா?

திருப்பரங்குன்றம்:-

இரவு 11 மணி. ஊர் அடங்கிவிட்டது. கோவில் வாசலில் பூக்கடைக்காரர்கள் சாக்கை இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த நேரத்தில் நான்கு வழிச் சாலைப் பக்கமிருந்து 'விர்ர்ர்' என்று ஒரு சத்தம். ஒன்று போகிறது, அதை விரட்டிக்கொண்டு இன்னொன்று போகிறது. வாசலில் படுத்திருக்கும் பெரியவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்து, "கெளம்பிட்டாய்ங்கப்பா" என்று முனகிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்கள்.

ராத்திரி பைக் ரேஸ் என்ற புகார் மதுரைக்குப் புதிதல்ல. ரிங் ரோடு, திருமங்கலம் ரோடு, நான்கு வழிச்சாலை என்று இடம்தான் மாறும். போலீசார் நின்றால் சந்துக்குள் புகுந்துவிடலாம் என்பது பையன்களின் கணக்கு. கணக்கு தப்பினால் போலீஸ் நிலையம். மேலும் தப்பினால் பெரிய ஆஸ்பத்திரி.

இதே தமிழ்நாட்டில் 2024-ம் ஆண்டு ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய 2 நாட்கள் சென்னையில் நட்ட நடு ரோட்டில், அதுவும் ராத்திரியில், கார் பந்தயம் நடந்தது. சாலையை அடைத்து, இரண்டு பக்கமும் தடுப்பு கட்டி, பகல் போல விளக்கு போட்டு நடத்தினார்கள். அப்போது விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின் தொடங்கி வைத்தார். காரை ஓட்டியவர்களில் பலர் மீசை முளைக்காத பையன்கள்!

"இங்கே ஓட்டினால் கேசு, அங்கே ஓட்டினால் கோப்பையா? இது என்ன நியாயம்?"

டீக்கடை பெஞ்சில் கேட்க வேண்டிய கேள்விதான். இதற்குப் பதில் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது.

189 என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தில் 189-வது பிரிவு என்று ஒன்று உண்டு. பொது இடத்தில் மோட்டார் வாகனப் பந்தயம் நடத்தினாலோ, அதில் கலந்துகொண்டாலோ 3 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடியும் சிக்கினால் ஒரு வருடம் வரை ஜெயில், ரூ.10 ஆயிரம் வரை அபராதம்.

ஆனால் இந்தப் பிரிவின் தொடக்கத்திலேயே ஒரு வாசகம் இருக்கிறது. "மாநில அரசின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல்" என்பதுதான் அது. அரசு எழுதிக் கொடுத்தால் அது பந்தயம். எழுதிக் கொடுக்காவிட்டால் குற்றம். தீவுத்திடலுக்கும் ரிங் ரோட்டுக்கும் சட்டப்படி உள்ள வித்தியாசம் அந்த ஒரு காகிதம்தான்.

காகிதம் இருந்தும் அந்தப் பந்தயம் லேசில் நடந்துவிடவில்லை. அது தனிக்கதை.

பூஞ்சிட்டு மாடு மாதிரி!

முதலில் பார்முலா-4 என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம்.

மாட்டு வண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரித்து விடுகிறார்கள் அல்லவா? பெரிய மாட்டோடு பூஞ்சிட்டை ஓட விடுவதில்லை. பூஞ்சிட்டில் ஓடிப் பழகிய மாடு வளர்ந்து அடுத்த பிரிவுக்குப் போகும். சாரதியும் அப்படியே.

கார் பந்தயத்திலும் அதே ஏற்பாடுதான். உச்சியில் இருப்பது பார்முலா-1. அதற்குக் கீழே பார்முலா-2, பார்முலா-3. கடைசிப் படி பார்முலா-4. சின்னக் குழந்தைகள் ஓட்டும் 'கோ-கார்ட்' வண்டியிலிருந்து இறங்கும் பையன் முதன்முதலாக ஏறி உட்காரும் நிஜமான பந்தயக் கார் இதுதான். உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எப்.ஐ.ஏ., 2014-ம் ஆண்டு முதல் நாடு நாடாக இந்தப் பிரிவை நடத்த அனுமதி கொடுத்து வருகிறது. 15 வயது ஆகியிருந்தால் போதும்.

ஒரே ஒரு ஆள்தான் உட்கார முடியும். கூரை கிடையாது. சக்கரம் நான்கும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். இந்தியாவில் ஓடும் பார்முலா-4 காரின் உடல் பிரான்சு நாட்டு மைகேல் நிறுவனத்தில் செய்தது. எஞ்சின் 1,300 சி.சி.யை ஒட்டிய டர்போ எஞ்சின். நம் ஊர் கார்களின் எஞ்சின் அளவுதான்! ஆனால் வண்டியின் எடை மிகக் குறைவு. அதனால் மணிக்கு 200 கிலோ மீட்டருக்கு மேல் பாய்கிறது.

பெரியார் பஸ் நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றம் சுமார் 8 கிலோ மீட்டர். அந்த வேகத்தில் வந்தால் இரண்டரை நிமிடம் கூட ஆகாது. டவுன் பஸ்சில் வருகிறவர்கள் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி கார். ஒரே எஞ்சின், ஒரே டயர். பணக்கார வீட்டுப் பையன் நல்ல எஞ்சின் வாங்கிப் போட்டு ஜெயித்துவிட முடியாது. வளைவில் யார் எவ்வளவு தாமதமாக பிரேக்கை மிதிக்கிறார்கள் என்பதில்தான் விஷயம். முதலில் வந்தால் 25 புள்ளி, இரண்டாவதுக்கு 18, மூன்றாவதுக்கு 15 என்று குறைந்துகொண்டே போய் 10-வது ஆளுக்கு ஒரே ஒரு புள்ளி. ஒரு 'சீசன்' முழுக்க ஓடி, யார் கணக்கில் அதிகம் சேர்ந்திருக்கிறதோ அவர்தான் சாம்பியன். ஒரு நாள் கூத்து இல்லை. ஒரு பந்தயத்தில் முட்டி நின்றாலும் அடுத்ததில் மீட்டுக்கொள்ளலாம். நிதானம் உள்ளவன்தான் கடைசியில் மிஞ்சுவான்.

புயல் வந்தது, பந்தயம் போனது!

இந்தியாவில் எப்.ஐ.ஏ. அங்கீகாரம் பெற்ற பார்முலா-4 முதல் சீசன் 2023-ல் நடந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 9, 10 தேதிகளிலேயே சென்னைத் தெருவில் ஓடியிருக்க வேண்டும். சாலையெல்லாம் செப்பனிட்டு, தடுப்புகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். அந்த வாரம்தான் 'மிச்சாங்' புயல் வந்தது. சென்னை வெள்ளத்தில் மிதந்தது. ஜனங்கள் பால் பாக்கெட்டுக்கும் குடிதண்ணீருக்கும் அலைகிற நேரத்தில் கார் பந்தயமா? ஒத்தி வைத்துவிட்டார்கள்.

முதல் சீசன் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் ஓடி முடிந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கூப்பர் வெப்ஸ்டர் சாம்பியன் ஆனார்.

இதற்கிடையே விவகாரம் ஐகோர்ட்டுக்குப் போய்விட்டது. நகரின் நடுவே பந்தயம் என்றால் போக்குவரத்து முடங்கும், பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது, சத்தம் தாங்காது, தனியார் நடத்தும் பந்தயத்துக்கு மக்கள் வரிப்பணமா என்றெல்லாம் வாதம் நடந்தது. அரசு ஒதுக்கியதாகச் சொல்லப்பட்ட தொகை ரூ.42 கோடி. 2024 பிப்ரவரியில் ஐகோர்ட்டு நிபந்தனைகளோடு பந்தயத்தை அனுமதித்தது.

ரூ.42 கோடி என்பது மதுரையில் குண்டும் குழியுமான ரோட்டில் தினமும் வேலைக்குப் போகிறவர் காதில் எப்படி விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே சமயம், ஜெர்மனி, பிரிட்டன் என்று எங்கோ டி.வி.யில் பார்த்ததை நம் ஊர்ப் பையன் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கண்ணால் பார்த்தான் என்பதும் உண்மைதான். இரண்டு பேச்சும் அன்று சென்னையில் இருந்தது. இன்றும் இருக்கிறது.

கடைசி நிமிட பரபரப்பு

2024 ஆகஸ்டு 31, சனிக்கிழமை. இதுதான் சினிமாவை மிஞ்சிய நாள்.

தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோ மீட்டர் பாதை. கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று மொத்தம் 19 வளைவுகள். கார்கள் தயார். ஓட்டுகிறவர்கள் தயார். டிக்கெட் வாங்கியவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் ஒன்று மட்டும் வரவில்லை. எப்.ஐ.ஏ.வின் பாதுகாப்புச் சான்று!

அந்தச் சான்று இல்லாமல் ஒரு காரும் நகரக்கூடாது என்பது ஐகோர்ட்டு உத்தரவு. பகல் 12 மணிக்குள் வாங்க வேண்டும் என்று கெடு. 12 ஆனது, வரவில்லை. கோர்ட்டில் மறுபடியும் முறையிட்டு நேரம் கேட்டார்கள். கடைசியில் இரவு 8 மணி வரை அவகாசம் கிடைத்தது. எப்.ஐ.ஏ. அதிகாரிகள் பாதையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள். சாயங்காலம் போய் இருட்டிய பிறகுதான் பச்சைக்கொடி கிடைத்தது. அன்று பயிற்சி ஓட்டத்தோடு சரி. மறுநாள் ஞாயிற்றுக்கிழமைதான் நிஜப் பந்தயம்.

இந்தியாவில் தெருவில் நடந்த முதல் இரவு நேர பார்முலா பந்தயம் இதுதான். பார்முலா-4 போட்டியில் ஆஸ்திரேலிய வீரர் ஹக் பார்ட்டர் ஜெயித்தார்.

ஒரு சான்றிதழுக்காக இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். 200 கிலோ மீட்டர் வேகத்தில் கார் தடுப்பில் மோதினால் தடுப்பு உடைந்து ஜனங்கள் மேல் விழக்கூடாது. மூடாத சாக்கடை மூடி ஒன்று போதும், காரின் வயிற்றைக் கிழித்துவிடும். ஆம்புலன்சு எந்த வளைவில் நிற்கிறது, எத்தனை நொடியில் வந்து சேரும் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. ரிங் ரோட்டில் இதை யார் பார்க்கிறார்கள்? எதிரே மாட்டு வண்டி விளக்கில்லாமல் வரும். நடுவில் நாய் படுத்திருக்கும்.

சீசனின் கடைசிச் சுற்று 2024 நவம்பரில் கோவையில் நடந்தது. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த அகில் அலிபாய் சாம்பியன் ஆனார். பெங்களூர்ப் பையன் ருஹான் ஆல்வா முன்வரிசையில் ஓடினார். ஆனாலும் முதல் 2 சீசன்களிலும் பட்டம் வெளிநாட்டுக்குத்தான் போனது.

அணிகளின் பெயரெல்லாம் சென்னை, ஐதராபாத், கோவா, கொச்சி, டெல்லி என்று நம் ஊர்களாக இருக்கும். கிரிக்கெட் வீரர் கங்குலி, நடிகர்கள் ஜான் ஆபிரகாம், நாக சைதன்யா என்று முதலாளிகளும் பிரபலமானவர்கள். மதுரை பெயரில் அணி கிடையாது.

மில் முதலாளி செய்த மாருதி கார்

இந்தக் கதையில் மதுரைக்கு இடமில்லை என்றாலும் தமிழ்நாட்டுக்கு முதலிடம் உண்டு. இந்தியாவில் கார் பந்தயம் என்றாலே பல ஆண்டுகள் அது சென்னையும் கோவையும்தான்.

சென்னையை அடுத்த சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. போர் முடிந்த பிறகு அதில் கார்களும் பைக்குகளும் ஓடின. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ஆண்டுதோறும் பந்தயம் நடத்தியது. ராஜாக்களும் மில் முதலாளிகளும் வெளிநாட்டுக் காரைக் கொண்டுவந்து ஓட்டுவார்கள். கையில் காசு குறைந்தவர்கள் பியட் காரின் எஞ்சினைப் பிரித்து மேய்ந்து, சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவார்கள். விஜய் மல்லையா பழைய பார்முலா-1 கார் ஒன்றையே அங்கே ஓட்டினார். பிறகு 1990-ஐ ஒட்டி இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்துவிட்டது. நீளம் சுமார் 3.7 கிலோ மீட்டர்.

அந்த நாளில் ஒரு பந்தயக் காரை இறக்குமதி செய்ய வேண்டுமென்றால் சுங்க வரியே கழுத்தை நெரிக்கும். இதை உடைத்தவர் கோவை எஸ்.கரிவரதன்.

ஜவுளி ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த இவர் ஒரு காரியம் செய்தார். ஊரெல்லாம் ஓடுகிற மாருதி 800 காரின் எஞ்சினை எடுத்தார். 796 சி.சி., மூன்றே சிலிண்டர். அதைச் சுற்றி ஓர் ஆள் உட்காரும் பந்தயக் காரை கோவையிலேயே கட்டினார். 1988-ல் 'பார்முலா மாருதி' பிறந்தது. எஞ்சின் கோளாறு என்றால் பக்கத்து ஒர்க்ஷாப் மெக்கானிக்கே கை வைத்துவிடலாம். சாமான் எல்லா ஊரிலும் கிடைக்கும். எல்லோருக்கும் ஒரே கார். எப்.ஐ.ஏ. பார்முலா-4 என்று ஒன்றைத் தொடங்குவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, அதே யோசனையை கோவையில் ஒருவர் செய்து ஓட்டியும் காட்டிவிட்டார். இதை உலகம் பெரிதாகப் பேசுவதில்லை.

கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். வயது 41. கோவை செட்டிபாளையத்தில் உள்ள 2.1 கிலோ மீட்டர் பந்தயத் தடத்துக்கு 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று அவர் பெயரையே வைத்தார்கள். அலிபாய் பட்டம் வாங்கியது அங்கேதான்.

17 வயதில் இங்கிலாந்தில்...

பார்முலா மாருதியில் கன்னி ஓட்டம் ஓடிய பையன்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். கோவைக்காரர். தந்தை ஜி.ஆர்.கார்த்திகேயன், கார் ராலியில் பேர் போனவர். ஸ்ரீபெரும்புதூரில் நரேன் ஓடிய முதல் பந்தயத்திலேயே முதல் மூன்று பேரில் ஒருவராக வந்தார். அதன் பிறகு பிரான்சில் பந்தயப் பள்ளியில் பயிற்சி. பிறகு இங்கிலாந்து.

1994-ல் இங்கிலாந்தில் 'பார்முலா போர்டு' குளிர்காலத் தொடர் நடந்தது. பார்முலா-4 வருவதற்கு முன்பு பையன்களின் முதல் படியாக இருந்தது இந்தப் பிரிவுதான். ஈரமும் குளிருமாக இருக்கும் அந்தத் தடங்களில், 17 வயது கோவைப் பையன் சாம்பியன் பட்டம் வாங்கினார். ஐரோப்பாவில் ஒரு தொடரை ஜெயித்த முதல் இந்தியர்! 1996-ல் பார்முலா ஆசியா பட்டமும் அவருக்குத்தான்.

அப்படியும் பார்முலா-1 வாசலைத் தொட இன்னும் 9 ஆண்டுகள் ஆயின. 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஆஸ்திரேலியாவில் ஓடினார். பார்முலா-1 ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதே ஆண்டு ஜூனில் அமெரிக்காவில் டயர் தகராறில் 14 கார்கள் பந்தயத்திலிருந்து விலகிவிட, ஓடியவை 6 கார்கள். அதில் நரேன் நான்காவது. 5 புள்ளி கிடைத்தது. ஆறு பேரில் நான்காவதா என்று சிரிப்பவர்கள் உண்டு. அந்த ஆறு பேரில் ஒருவராக அங்கே நிற்பதற்கு ஒரு மனிதன் எத்தனை வருடம் ஓடியிருக்கிறான் என்பதைச் சிரிக்கிறவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

அவருக்குப் பிறகு சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010-ல் பார்முலா-1 ஓட்டினார். ஆக, இதுவரை பந்தயத்தில் பார்முலா-1 கார் ஓட்டிய இந்தியர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் தமிழ்நாடு! அடுத்த தலைமுறையில் பெங்களூர் குஷ் மைனி 2025 மே மாதம் மொனாக்கோ நகரத் தெருவில் பார்முலா-2 பந்தயம் ஒன்றை ஜெயித்தார்.

அஜித்குமாரைச் சொல்லாமல் விட்டால் மதுரை ரசிகர்கள் சும்மா விடமாட்டார்கள். அவர் 2003-ல் 'பார்முலா பி.எம்.டபிள்யூ. ஆசியா' தொடரில் ஓடினார். அதுவும் பையன்களுக்கான பந்தயம்தான். தன் வயதில் பாதி வயதுப் பையன்களோடு வரிசையில் நின்று, சீசன் முடிவில் 12-வது இடத்தில் வந்தார். 2010-ல் பார்முலா-2. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி அதன் பிரிவில் மூன்றாவது இடம் பிடித்தது. அப்போது அவருக்கு வயது 53. "தல"க்கு முடியும்போது நமக்கென்ன என்று ரோட்டில் ஆக்சிலேட்டரை முறுக்குகிற ரசிகர்கள், அவர் தலைக்கவசம், தீப்பிடிக்காத உடை, ஆறு பட்டை பெல்ட்டு எல்லாம் போட்டுக்கொண்டு, மூடிய தடத்தில்தான் ஓட்டுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

சாவு எங்கும் வரும்

தடத்தில் ஓட்டினால் ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் நடந்த தேசிய கார் பந்தயத்தில் அனுபவசாலியான கே.இ.குமார் விபத்தில் சிக்கி உயிரிழந்தார். அவருக்கு வயது 59. அதே ஆண்டு ஆகஸ்டில் அதே தடத்தில் தேசிய பைக் பந்தயம். பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் கீழே விழுந்து இறந்துபோனான். டாக்டர் இருந்தார், ஆம்புலன்சு இருந்தது. அப்படியும் போய்விட்டது ஒரு உயிர். 13 வயதில் பைக் பந்தயம் எதற்கு என்று அப்போது எழுந்த கேள்வி நியாயமானது.

பார்முலா-4 காரில் பாதுகாப்பு அதிகம் என்பது உண்மை. ஓட்டுகிறவன் உட்காருவது எஃகை விட உறுதியான கார்பன் நாரில் செய்த ஒரு தொட்டிக்குள். தலைக்கு மேலே 'ஹாலோ' என்ற உலோக வளையம். முன்னால் போகும் காரிலிருந்து சக்கரமே கழன்று வந்தாலும் அந்த வளையம் தடுத்துவிடும். கழுத்து ஒடியாமல் இருக்கத் தனிக் கருவி. வளைவுக்கு வளைவு கொடியோடு ஆட்கள் நிற்பார்கள். மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, முந்தக்கூடாது. சிவப்பு என்றால் பந்தயம் நிறுத்தம். கொடியை மதிக்காதவனுக்குத் தண்டனை உண்டு. சிக்னலில் சிவப்பு விளக்கை மதிக்காத ஊரில் இதைப் படிக்கவே ஆச்சரியமாக இருக்கும்.

இதற்கு நேர் எதிராக இன்னொரு சம்பவம். சென்னையைச் சேர்ந்த அஸ்வின் சுந்தர் 2012, 2013 என இரண்டு ஆண்டுகள் தேசிய சாம்பியன் ஆனவர். அதுவும் ஒற்றை இருக்கைக் கார் பிரிவில். தடத்தில் எத்தனையோ ஆண்டுகள் பாய்ந்தவர். 2017 மார்ச் 18 அதிகாலையில் சென்னை சாலையில் அவருடைய கார் மரத்தில் மோதித் தீப்பிடித்தது. அவரும் உடன் வந்த மனைவியும் காருக்குள்ளேயே கருகி இறந்தார்கள். அவருக்கு வயது 31. தேசிய சாம்பியனுக்கே ரோட்டோர மரம் இரக்கம் காட்டவில்லை.

பணம்தான் முதல் வளைவு

குன்றத்தில் ஒரு பையனுக்குக் கார் பந்தயத்தில் நிஜமாகவே ஆசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்பா கடையில் கணக்கு எழுதுகிறார். என்ன செய்வது?

மதுரையில் ரேஸ்கோர்ஸ் என்று ஒரு இடம் உண்டு. பெயர்தான் அப்படி. இப்போது இருப்பது எம்.ஜி.ஆர். விளையாட்டு அரங்கம். தென்னாட்டில் மோட்டார் தொழிலுக்கு அஸ்திவாரம் போட்ட டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-ல் தொழில் தொடங்கியது இந்த ஊரில்தான். பழங்காநத்தத்திலிருந்து பசுமலை வரை ஒர்க்ஷாப்புக்குப் பஞ்சமில்லை. ஸ்பேனர் பிடிக்காத தெரு இல்லை. ஆனால் காரை ஓட்டிப் பழக முறையான பந்தயத் தடத்துக்குக் கோவைக்குத்தான் போக வேண்டும். 200 கிலோ மீட்டருக்கு மேல்.

அடுத்தது பணம். கார்டிங் வண்டியில் தொடங்கினாலே டயர், பெட்ரோல், மெக்கானிக், தங்குமிடம் என்று போய்க்கொண்டே இருக்கும். பார்முலா-4 சீசன் என்றால் லட்சங்கள். வெளிநாட்டுக்குப் போனால் கோடிகள். நரேனுக்கே விளம்பர உதவி கிடைக்காமல் முடங்கிய காலங்கள் உண்டு. திறமை இருந்தும் பாதி வழியில் நின்றவர்கள் பட்டியல் போட்டால் பக்கம் போதாது. கார் எல்லோருக்கும் ஒன்றுதான், சரி. அந்தக் காரில் ஏறி உட்காருவதற்குத்தான் பணம்.

கொஞ்சம் கட்டுப்படியாகிற வழியும் இருக்கிறது. 'எல்.ஜி.பி. பார்முலா-4' என்று கோவையில் செய்த கார். பெயரில் 4 இருந்தாலும் எப்.ஐ.ஏ. பார்முலா-4 வேறு, இது வேறு. இதில் மாருதி எஞ்சின். கரிவரதன் போட்ட பாதையில் வந்த வண்டி. தேசியப் போட்டியில் பல ஆண்டுகளாக ஓடுகிறது. கோவை, சென்னை, கேரளப் பையன்கள் இதில்தான் கை தேர்கிறார்கள். ஓட்டுவதற்கு எப்.எம்.எஸ்.சி.ஐ. என்ற இந்திய மோட்டார் விளையாட்டுச் சம்மேளனம் கொடுக்கும் லைசென்சு வேண்டும். மருத்துவச் சான்று வேண்டும். மைனர் என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அஸ்வின் சுந்தர் தேசியப் பட்டம் வாங்கியது இந்தப் பாதையில் வந்துதான்.

ஓட்டுவது மட்டும்தான் பந்தயம் என்றும் இல்லை. ஒவ்வொரு காருக்கும் பின்னால் மெக்கானிக், டயர் மாற்றுகிறவர், கம்ப்யூட்டரில் வேகக் கணக்கு பார்க்கிறவர் என்று ஆட்கள் நிற்கிறார்கள். பசுமலை ஒர்க்ஷாப்பில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லும் பையனுக்கு அங்கே வேலை இருக்கிறது. ஸ்டீயரிங்கைப் பிடிக்க ஆகும் பணத்தில் நூறில் ஒரு பங்கு கூட இதற்கு ஆகாது. யாரும் இதை அந்தப் பையனிடம் எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் குறை.

15 வயதில் கார், ஸ்கூட்டர் கூடாது!

ஒரு வேடிக்கை. 15 வயதுப் பையன் தடத்தில் 200 கிலோ மீட்டர் வேகத்தில் பார்முலா-4 ஓட்டலாம். சட்டம் தடுக்காது. அதே பையன் வீட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சன்னதி தெருவுக்குப் பால் வாங்கப் போனால் குற்றம்! 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கே 16 வயது ஆக வேண்டும். மற்ற வண்டிகளுக்கு 18.

2019 செப்டம்பர் 1 முதல் 199-ஏ என்ற பிரிவு அமலில் இருக்கிறது. மைனர் பையன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், வண்டியைக் கொடுத்த பெற்றோருக்கு அல்லது உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.25 ஆயிரம் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. "எனக்குத் தெரியாமல் எடுத்துட்டுப் போயிட்டான் சார்" என்று சொன்னால் மட்டும் போதாது. அதைக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். அது மட்டுமல்ல, சிக்கிய பையனுக்கு 25 வயது ஆகும் வரை டிரைவிங் லைசென்சு கிடையாது.

இதை ஏன் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், பார்முலா-1 கார் ஓட்ட 'சூப்பர் லைசென்சு' என்று ஒன்று வேண்டும். அதற்கு 3 ஆண்டுகளுக்குள் 40 புள்ளி சேர்க்க வேண்டும். பார்முலா-4 சீசன் ஒன்றில் சாம்பியன் ஆனால் 12 புள்ளி. வயது 18 ஆகியிருப்பது பொது விதி. இவற்றோடு எப்.ஐ.ஏ. இன்னொன்றும் கேட்கிறது. சாதாரண ரோட்டில் கார் ஓட்டும் டிரைவிங் லைசென்சு!

ரிங் ரோட்டில் 17 வயதில் சிக்கும் பையனுக்கு அந்த லைசென்சு 25 வயதுக்குப் பிறகுதான். நரேன் கார்த்திகேயன் இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் தடத்தில் ஜாகுவார் பார்முலா-1 காரை முதன்முதலாக ஓட்டிப் பார்த்தது 2001 ஜூன் மாதம். அப்போது அவருக்கு வயது 24.